சென்சார் சர்க்யூட் கணக்குக்கு மேல் கரன்ட் இழுக்கிறதா? கிளை கிளையாகத் தேடுங்கள்

கேள்வி இது. 12 வோல்ட் அடாப்டரில் இருந்து 7805 ரெகுலேட்டர் (வோல்டேஜைக் குறைத்து நிலையாக வைக்கும் ஐசி) வழியாக 5 வோல்ட் எடுத்து, அதில் ஊனோ வகை கன்ட்ரோலர் போர்டு ஒன்று, எம்கியூ-2 வாயு சென்சார் மாட்யூல், டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சார் ஒன்று ஆகிய மூன்றும் ஓடுகின்றன. அதே 5 வோல்ட்டை ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் ஒன்று 3.3 வோல்ட்டாக்கி பிஎம்இ280 என்ற வெப்பநிலை, ஈரப்பதம், காற்றழுத்த சென்சாருக்குத் தருகிறது. எல்லாம் சேர்ந்தாலும் 30 மில்லி ஆம்பியர் தாண்டாது என்று நினைத்த இடத்தில் மீட்டர் 310 காட்டுகிறது. 7805-இல் கை வைக்க முடியவில்லை. சில நிமிடங்களில் போர்டு தானாக ரீசெட் ஆகிறது. எந்தப் பாகம் கெட்டுப்போனது, எதை மாற்றுவது?

எதையும் இப்போதைக்கு மாற்ற வேண்டாம். இங்கே இரண்டு விஷயங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. அந்த 310-இல் பெரும்பகுதி கோளாறே இல்லை. உங்கள் கணக்கில் விடுபட்டது. மிச்சம் இருப்பதுதான் கோளாறு. இந்த இரண்டையும் பிரிக்காமல் பாகங்களை மாற்றத் தொடங்கினால், நல்ல ஐசியைக் கழற்றிப்போட்டுவிட்டுக் கெட்டதை உள்ளேயே வைத்திருப்பீர்கள்.

முதலில் கணக்கு. எம்கியூ வரிசை சென்சார்களுக்குள் ஒரு ஹீட்டர் இருக்கிறது. எம்கியூ-2-இன் ஹீட்டர் மின்தடை 33 ஓம், கூடக்குறைய 5%. ஐந்து வோல்ட்டை 33-ஆல் வகுத்தால் சுமார் 150 மில்லி ஆம்பியர். அந்த 5% வித்தியாசத்தையும் சேர்த்தால் 144-இல் இருந்து 159 வரை எதுவும் இயல்பு. சென்சார் வேலை செய்வதற்கே அந்தச் சூடு வேண்டும். ஊனோ வகை போர்டு தனியாகவே சுமார் 50 மில்லி ஆம்பியர் எடுக்கும். 7805 தன் சொந்த இயக்கத்துக்கு 5 அளவில், ஏஎம்எஸ்1117-ம் அதே 5 அளவில். டிஎஸ்18பி20 வெப்பநிலையை மாற்றிக்கொண்டிருக்கும்போது 1 முதல் 1.5 வரை. பிஎம்இ280 நொடிக்கு ஒரு முறை அளந்தால் சில மைக்ரோ ஆம்பியர்தான்; கணக்கில் பூஜ்யம் என்றே வைத்துக்கொள்ளலாம். மாட்யூல்களில் எரியும் சிறு எல்இடிகள் ஒவ்வொன்றும் 1 முதல் 3 வரை. கூட்டினால் 220-க்குப் பக்கம் வந்துவிடும். ஆக, தேட வேண்டியது 280 அல்ல, ஏறத்தாழ 90 மில்லி ஆம்பியர்.

இந்தக் கணக்கைத் தாளில் எழுதியே தீர வேண்டும், மனதில் போட்டால் போதாது. டேட்டாஷீட்டில் சென்சார் ஐசியின் கரன்டை மட்டும் பார்த்துவிட்டு, அது உட்கார்ந்திருக்கும் மாட்யூலின் ரெகுலேட்டர், எல்இடி, புல்-அப் ரெசிஸ்டர்களை (டேட்டா லைனைச் சப்ளையோடு இணைத்து வைப்பவை) மறந்துவிடுவதுதான் மிகச் சாதாரணமாக நடக்கும் பிசகு. லோட் செல் (எடை அளக்கும் சென்சார், உள்ளே பிரிட்ஜ் என்ற மின்தடை இணைப்பு இருக்கும்) வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான்: 350 ஓம் பிரிட்ஜ் 5 வோல்ட்டில் 14 மில்லி ஆம்பியரும், 120 ஓம் பிரிட்ஜ் 42 அளவிலும் இழுத்தே ஆகும். பேட்டரியில் பூஸ்ட் கன்வெர்ட்டர் போட்டு ஓட்டுபவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். 3.7 வோல்ட்டை 5-ஆக உயர்த்தி 150 மில்லி ஆம்பியர் கொடுத்தால், 85% திறன் என்று வைத்தாலும் பேட்டரி பக்கம் சுமார் 240 ஓடும். எந்தப் பக்கத்தில் அளந்தோம் என்பதை எழுதாத எண்ணுக்கு மதிப்பில்லை.

இப்போது கோளாறைத் தேடலாம். ஆனால் அடாப்டரை நேரடியாக மறுபடி செருகாதீர்கள். ஷார்ட் எங்கோ இருக்கிறது என்று சந்தேகம் வந்த பிறகு, கரன்டுக்கு ஒரு வரம்பு கட்டாமல் மின்சாரம் கொடுப்பது, தப்பித்திருக்கும் பாகங்களையும் சேர்த்துப் பலி கொடுப்பதாகும். பென்ச் பவர் சப்ளை இருந்தால் வோல்டேஜை வைத்து, கரன்ட் வரம்பை 250 மில்லி ஆம்பியரில் நிறுத்துங்கள். அது இல்லாவிட்டால் 12 வோல்ட் பக்கத்தில் 12 வோல்ட் 5 வாட் பழைய இழை பல்பு ஒன்றைத் தொடராக இணையுங்கள். உள்ளே முழு ஷார்ட் ஆனாலும் 0.42 ஆம்பியருக்கு மேல் போகாது. பல்பு பிரகாசமாக எரிந்தே அதைச் சொல்லிவிடும். 5 வோல்ட் அல்லது 3.3 வோல்ட் கிளைகளில் 10 ஓம் 5 வாட் ரெசிஸ்டரைத் தொடராக வையுங்கள். முழு ஷார்ட்டிலும் 0.5 ஆம்பியரோடு நின்றுவிடும். அதைவிட நல்ல பயன், ஒவ்வொரு மில்லி ஆம்பியருக்கும் அதன் இரு முனைக்கிடையே 10 மில்லிவோல்ட் தெரியும். கம்பியை அறுக்காமல் கரன்டைப் படிக்கலாம். எம்கியூ ஹீட்டர் இருக்கும் கிளையில் மட்டும் இது ஒத்துவராது, 150 மில்லி ஆம்பியரிலேயே 1.5 வோல்ட் விழுந்துவிடும். அதனால் சோதனை நேரத்தில் எம்கியூவைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

மின்சாரம் கொடுப்பதற்கு முன் அளக்க வேண்டியவை சில. அடாப்டரைப் பிடுங்கி, கெப்பாசிட்டர்கள் வடிய அரை நிமிடம் விட்டு, 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே மின்தடை பாருங்கள். பிறகு மீட்டர் முனைகளை மாற்றி வைத்தும் பாருங்கள். எண் மெதுவாக ஏறிக்கொண்டே போனால் கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகிறது, நல்ல அறிகுறி. இரண்டு திசையிலும் ஒரே சிறிய எண் என்றால் உள்ளே உண்மையான மின்தடைப் பாதை ஒன்று இருக்கிறது. இங்கே ஒரு பொறி உண்டு: எம்கியூ சென்சார் இணைந்திருந்தால் அந்த 33 ஓம் நேரடியாக 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் நிற்கும். பல மீட்டர்களின் பஸ்ஸர் 30 அல்லது 50 ஓமுக்குக் கீழே ஒலிக்கத் தொடங்கிவிடும். அந்தச் சத்தத்தைக் கேட்டு ஷார்ட் என்று முடிவுகட்டாதீர்கள். பஸ்ஸரை நம்பாமல் எண்ணைப் படியுங்கள். அடுத்து டயோடு சோதனை: சிவப்பு முனை கிரவுண்டில், கருப்பு முனை சப்ளை லைனில். ஐசிக்களுக்குள் இருக்கும் டயோடுகள் வழியாக 0.4 முதல் 0.7 வோல்ட் வரை காட்டினால் பெரும்பாலும் நலம். 0.00 என்றால் ஷார்ட்.

மீட்டரும் பொய் சொல்லும் என்பதை மறக்க வேண்டாம். முழு அளவுக்கு 200 மில்லிவோல்ட் விழும்படி செய்யப்பட்ட சாதாரண மீட்டர்களில், 200 மில்லி ஆம்பியர் ரேஞ்சில் உள்ளே 1 ஓம், 20 மில்லி ஆம்பியர் ரேஞ்சில் 10 ஓம், 200 மைக்ரோ ஆம்பியர் ரேஞ்சில் 1,000 ஓம் இருக்கும். அளப்பதற்காகச் சிறிய ரேஞ்சைப் போட்டால் அந்த ரெசிஸ்டரையே சர்க்யூட்டில் சேர்த்துவிடுகிறீர்கள். வைஃபை உள்ள கன்ட்ரோலர் ஒன்று அனுப்பும் நொடியில் 200 மில்லி ஆம்பியருக்கு மேல் கேட்கும்போது, அந்த வோல்டேஜ் சரிவில் ரீசெட் ஆகி, மறுபடி எழுந்து, மறுபடி ரீசெட் ஆகும். பார்ப்பவருக்கு சர்க்யூட் பைத்தியம் பிடித்ததுபோல் தெரியும், குற்றவாளி மீட்டர். இன்னொரு பழக்கத்தையும் வளர்த்துக்கொள்ளுங்கள்: கரன்ட் அளந்து முடித்ததும் சிவப்பு வயரை உடனே வோல்டேஜ் துளைக்கு மாற்றிவிடுவது. 10 ஆம்பியர் துளையில் வயரை விட்டுவிட்டு வோல்டேஜ் பார்க்கப் போனால் மீட்டரே சப்ளையை ஷார்ட் செய்யும்.

அடுத்தது கிளை பிரிப்பது. எல்லா சென்சார்களையும் கழற்றிவிட்டு ரெகுலேட்டர்களை மட்டும் இயக்குங்கள். 7805 தனியாக 5 மில்லி ஆம்பியர் அளவில் நிற்க வேண்டும். பிறகு ஏஎம்எஸ்1117-ஐச் சேர்த்தால் இன்னொரு 5. அதன்பின் கன்ட்ரோலர் போர்டு, பிறகு ஒவ்வொரு சென்சாராக. ஒவ்வொன்றைச் சேர்த்ததும் எவ்வளவு ஏறியது என்று எழுதி, கணக்குத் தாளில் இருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். எண் பொருந்தாத கிளையில்தான் கோளாறு இருக்கிறது.

இதில் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டியது, ஒரு சென்சாரைப் பிரிக்கும்போது அதன் சப்ளை வயரை மட்டும் பிடுங்குவது பிரிப்பதாகாது. டேட்டா லைன் இணைந்தே இருந்தால், கன்ட்ரோலரின் பின் (இணைப்புக் கால்) உயர்நிலையில், அதாவது 5 வோல்ட்டில் இருக்கும்போது, சென்சார் ஐசியின் உள்ளேயுள்ள பாதுகாப்பு டயோடு வழியாக அதன் சப்ளை லைனுக்கு மின்சாரம் ஏறிவிடும். சப்ளை இல்லாத சென்சார் ஏதோ வேலை செய்வதுபோலவும் தெரியும், கரன்டும் இழுக்கும். ஆகவே எல்லா வயர்களையும் எடுங்கள், கிரவுண்டைக் கடைசியாக.

எல்லாம் இணைந்திருக்கும் நிலையில் செய்யக்கூடிய ஓர் எளிய சோதனை, கன்ட்ரோலரின் ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி கரன்டைப் பார்ப்பது. ரீசெட்டில் ஊனோவின் மைய சிப்பான ஏடிமெகா328-இன் எல்லாப் பின்களும் இன்புட் நிலைக்குப் போய்விடும். சில மில்லி ஆம்பியர் குறைந்தால் அது சிப் வேலையை நிறுத்தியதால் வருவது. ஆனால் 40, 80 என்று சடாரென விழுந்தால், ஏதோ ஓர் அவுட்புட் பின் எதனோடோ மோதிக்கொண்டிருக்கிறது என்று பொருள் (அந்தப் பின்னில் ரிலேயோ பெரிய எல்இடியோ இருந்தால் அதைக் கழித்துக்கொள்ளுங்கள்). இந்த ஒரு சோதனை, குற்றம் கன்ட்ரோலரின் அவுட்புட் பின்களிலா வேறு இடத்திலா என்பதை ஐந்து நொடியில் பிரித்துத் தரும். இதை ஏன் பலரும் கடைசியில் செய்கிறார்கள் என்பது புரியவில்லை, முதலிலேயே செய்யுங்கள்.

கரன்ட் எவ்வளவு என்பதோடு, அது நேரத்தோடு எப்படி மாறுகிறது என்பதையும் ஒரு நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். மின்சாரம் கொடுத்த கணத்திலேயே உச்சத்துக்குப் போய் அசையாமல் நின்றால் ஷார்ட், தலைகீழ் இணைப்பு, அல்லது அவுட்புட் மோதல். சற்று அதிகமாகத் தொடங்கி ஒரு நிமிடத்தில் இறங்கி நிலைத்தால் ஹீட்டர் சூடாகிறது, இயல்பு. கொஞ்சமாகத் தொடங்கி மெதுவாக ஏறிக்கொண்டே போனால் தலைகீழாகப் பொருத்திய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரைச் சந்தேகப்படுங்கள். அது வெடிக்கக்கூடியது, முகத்தை விலக்கி வைத்து உடனே அணையுங்கள். சரியாக ஓடிக்கொண்டிருந்தது கையால் தொட்டதும், அல்லது நீளமான சென்சார் வயரைச் செருகியதும் திடீரென உயர்ந்து, சப்ளையை அணைக்கும்வரை இறங்கவே மறுத்தால் அது லாட்ச்-அப்.

லாட்ச்-அப்பைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சிமாஸ் ஐசிக்களின் உடலிலேயே, யாரும் வேண்டிக் கட்டாத ஒரு தைரிஸ்டர் (சுவிட்ச் போன்ற) அமைப்பு மறைந்திருக்கிறது. ஏதேனும் ஒரு பின்னின் வோல்டேஜ் சப்ளையைத் தாண்டியோ கிரவுண்டுக்குக் கீழேயோ அரை வோல்ட்டுக்கு மேல் சென்று போதிய கரன்ட் உள்ளே நுழைந்தால் அது தூண்டப்பட்டு, சப்ளைக்கும் கிரவுண்டுக்கும் நடுவே பாதையைத் திறந்துவிடும். காரணம் விலகினாலும் பாதை மூடாது. முழுவதுமாக அணைத்து மீண்டும் இயக்கினால் சிப் பிழைத்திருக்கவும் கூடும். அப்படிப் பிழைத்ததைப் பார்த்து, தானாகச் சரியாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். தூண்டிய காரணம் அப்படியே இருக்கிறது.

அந்தக் காரணம் பெரும்பாலும் 5 வோல்ட்டும் 3.3 வோல்ட்டும் கலப்பதுதான். உங்கள் சர்க்யூட்டில் அதற்கு வாய்ப்பு நன்றாகவே உண்டு. பிஎம்இ280 இயங்கும் எல்லை 1.71 முதல் 3.6 வோல்ட் வரை, 4.25-ஐத் தாண்டினால் சேதம். இதன் மாட்யூல்கள் இரண்டு விதமாக வருகின்றன: சொந்த ரெகுலேட்டரும் லெவல் மாற்றியும் (5 வோல்ட் சிக்னலை 3.3-க்கு இறக்குவது) உள்ளவை, வெறும் சென்சாரும் நான்கைந்து சிறு பாகங்களும் மட்டும் உள்ளவை. இரண்டாம் வகையை ஊனோ வகை போர்டின் 5 வோல்ட் பின்களோடு நேரடியாக இணைத்தால், உயர்நிலையின்போது சென்சாரின் பாதுகாப்பு டயோடு வழியாக 3.3 வோல்ட் லைனுக்குள் கரன்ட் தள்ளப்படும். சென்சாரை ஐ2சி என்ற இரு லைன் தகவல் இணைப்பில் போட்டிருந்தால், அதன் புல்-அப் ரெசிஸ்டர்கள் அதை மட்டுப்படுத்தும்: 4.7 கிலோ ஓம் என்றால் ஒரு லைனுக்கு 0.3 மில்லி ஆம்பியருக்குள் அடங்கும். எஸ்பிஐ என்ற மற்றொரு தகவல் இணைப்பில் அந்தத் தடுப்பு இல்லை. பின் நேரடியாக 5 வோல்ட்டைத் தள்ளும். ஏஎம்எஸ்1117 போன்ற ரெகுலேட்டர் கரன்ட் கொடுக்கத்தான் தெரிந்தது, உள்ளே வருவதை உறிஞ்சத் தெரியாது. அதனால் 3.3 லைன் மேலே ஏறும். பரிசோதிப்பது சுலபம்: எல்லாம் ஓடும்போது 3.3 வோல்ட் லைனை அளங்கள். 3.2-க்கும் 3.4-க்கும் நடுவில் இருந்தால் சரி. 3.7, 4.0 என்று நின்றால் எங்கிருந்தோ 5 வோல்ட் நுழைகிறது. ஒரு லெவல் மாற்றி மாட்யூலைப் போடுங்கள், ஐ2சி புல்-அப்களை 3.3 பக்கம் மட்டும் வையுங்கள்.

அடுத்து, பின் வரிசைக் குழப்பம். நேரடிச் சேதத்துக்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை. டிஎஸ்18பி20-யும் எல்எம்35-ம் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும் மூன்று கால் கருப்புப் பாகங்கள். தட்டையான முகம் நம்மைப் பார்க்க வைத்தால், டிஎஸ்18பி20-க்கு இடமிருந்து கிரவுண்ட், டேட்டா, சப்ளை. எல்எம்35-க்கு இடமிருந்து சப்ளை, அவுட்புட், கிரவுண்ட். ஒன்றின் படத்தைப் பார்த்து மற்றதை இணைத்தால் சப்ளை தலைகீழாகிவிடும். சில நொடிகளில் விரலைச் சுடும் அளவுக்குச் சூடாகி, அதிகக் கரன்டும் இழுக்கும். உடனே அணைத்தால் டிஎஸ்18பி20 சில வேளை பிழைத்துக்கொள்ளும், ஆனால் அதன் அளவை மறுபடி நம்புவதற்கு முன் பனிக்கட்டி நீரில் போட்டு 0 டிகிரி காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். தொடர்ந்து 85 டிகிரி காட்டினால் அது வெப்பநிலை அல்ல. மின்சாரம் வந்தவுடன் அதன் ரெஜிஸ்டரில் இருக்கும் தொடக்க எண், அளவெடுப்பு முடியவே இல்லை என்று பொருள்.

ரெகுலேட்டர்களிலும் இதே வம்பு. 7805-க்கு எழுத்துள்ள முகத்தில் இடமிருந்து இன்புட், கிரவுண்ட், அவுட்புட். அதன் சின்னத் தம்பியான 78எல்05-க்கு, தட்டையான முகத்தில் இடமிருந்து அவுட்புட், கிரவுண்ட், இன்புட். அப்படியே எதிர்மாறு. 1117 வரிசையில் கிரவுண்ட், அவுட்புட், இன்புட். இதோடு ஒட்டியிருக்கும் உலோகத் தகட்டையும் கவனியுங்கள்: 7805-இல் அந்தத் தகடு கிரவுண்ட், 1117 வரிசையில் அது அவுட்புட். இரண்டையும் ஒரே அலுமினிய ஹீட்சிங்கில் மைக்கா தாள் இல்லாமல் திருகினால், 3.3 வோல்ட் அவுட்புட் நேராகக் கிரவுண்டில் உட்கார்ந்துவிடும். இரண்டு ரெகுலேட்டர்களும் தனித்தனியே சோதித்தால் நன்றாக இருக்கும், திருகியதும் ஷார்ட் வரும். காரணம் தெரியாதவர்கள் ஒரு மாலைப் பொழுது முழுக்கத் தேடுவார்கள்.

கெப்பாசிட்டர்களின் பட்டையும் ஏமாற்றும். அலுமினிய எலக்ட்ரோலிட்டிக்கில் பட்டை எதிர்முனையைக் குறிக்கும். போர்டின் மேல் ஒட்டும் சின்ன டான்டலத்தில் பட்டை நேர்முனையைக் குறிக்கும். பழக்கதோஷத்தில் டான்டலத்தைத் திருப்பிப்போட்டால் முதலில் கசியும், பிறகு ஷார்ட்டாகும், எரியவும் செய்யும். செராமிக் கெப்பாசிட்டருக்குத் திசை இல்லை, ஆனால் போர்டு வளைந்தால் உள்ளே விரிசல் விடும். திருகுத் துளைகளுக்கும் போர்டின் விளிம்புக்கும் பக்கத்தில் இருப்பவைதான் முதலில் விரியும். விரிசல் வெளியே தெரியாது, மின்தடை சில ஓம்களில் நின்று, போர்டை லேசாக வளைத்தால் மாறும். அந்த மாற்றமே அடையாளம்.

ஜீனர் டயோடு (குறிப்பிட்ட வோல்டேஜுக்கு மேல் கரன்டைக் கடத்தி வோல்டேஜைக் கட்டுப்படுத்துவது) பற்றி ஒரு வரி சொல்லியே ஆக வேண்டும். பாதுகாப்புக்காக 3.3 வோல்ட் லைனில் 3.3 வோல்ட் ஜீனரைப் போடும் வழக்கம் தவறு. 1என்4728ஏ ஜீனரின் 3.3 வோல்ட் என்பது அதன் வழியே 76 மில்லி ஆம்பியர் ஓடும்போது அளந்த வோல்டேஜ். குறைந்த வோல்டேஜ் ஜீனர்கள் ஒரே கோட்டில் திறப்பதில்லை, முன்கூட்டியே கசியத் தொடங்கி வளைந்து வளைந்து திறக்கும். லைனில் சரியாக 3.3 இருந்தாலே அது பல பத்து மில்லி ஆம்பியரைத் தின்னலாம், சூடாகவும் இருக்கும்.

இனி அவுட்புட் மோதல். ஏடிமெகா பின் ஒன்றின் உள் மின்தடை 25, 30 ஓம் அளவில்தான் இருக்கும். பக்கத்துப் பக்கத்துப் பின்களுக்கு நடுவே ஈயம் பாலம் போட்டு, ஒன்று உயர்நிலையிலும் மற்றது தாழ்நிலையிலும் இருந்தால், 5 வோல்ட்டை ஐம்பத்தைந்து ஓமால் வகுத்துப் பாருங்கள்: 90 மில்லி ஆம்பியர். உங்களிடம் மிஞ்சி நிற்கும் எண்ணும் அதுவே என்பது கவனிக்கத் தக்கது. ஒரு பின்னுக்கான உச்ச வரம்பு 40 தான், ஆகவே அந்தப் பின் நெடுநாள் தாங்காது. உயர்நிலையில் வைத்த பின்னை பிரெட்போர்டில் ஒரு வரிசை தள்ளி கிரவுண்டில் செருகிவிட்டாலும் இதே விளைவுதான், இன்னும் கடுமையாக. சென்சாரின் அவுட்புட்டைப் படிக்க வேண்டிய பின்னைப் புரோகிராமில் அவுட்புட் என்று அறிவித்துவிடுவதும் இந்த வகையில் சேரும். டிஜிட்டல் அவுட்புட் தரும் சென்சார்களுக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவே 330 ஓம் ஒன்றைத் தொடராக வைத்துவிட்டால், எந்த மோதலும் 15 மில்லி ஆம்பியரில் அடங்கிவிடும்.

ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் ஐசி) வைத்த சென்சார் சர்க்யூட்டில் மட்டும் இன்னொன்று: நீள ஷீல்டு கேபிளை அவுட்புட்டில் நேரடியாக இணைத்தால் அதன் கெப்பாசிட்டன்ஸ் காரணமாக ஆப்-ஆம்ப் அலைவுறத் தொடங்கி, சூடாகி, அதிகக் கரன்ட் எடுக்கும். அவுட்புட்டில் 47 முதல் 100 ஓம் தொடராகவும், சப்ளைப் பின்னுக்கு ஒட்டியபடி 100 நானோ ஃபாரட்டும் வையுங்கள்.

சரி, கிளையைக் கண்டுபிடித்தாயிற்று, ஆனால் அந்தக் கிளையில் இருபது பாகங்கள் இருக்கின்றன என்றால்? முழு ஷார்ட்டாக இருந்தால், அந்த லைனுக்கு 1 வோல்ட் மட்டும் கொடுத்து, கரன்ட் வரம்பை அரை ஆம்பியரில் வையுங்கள். இந்த வோல்டேஜில் நல்ல ஐசிக்கள் விழித்துக்கொள்ளாது, கரன்ட் முழுக்க ஷார்ட்டை நோக்கிப் போகும். போர்டின் மேல் ஐசோபுரோப்பில் ஆல்கஹாலைத் துலக்கிவிட்டால் சூடாகும் பாகத்தின் மேல் முதலில் காயும். அது தீப்பற்றும் திரவம். சால்டரிங் இரும்பைத் தள்ளி அணைத்து வைத்துவிட்டே செய்யுங்கள். சூடே தெரியாத அளவுக்கு ஷார்ட்டின் மின்தடை குறைவாக இருந்தால் மில்லிவோல்ட் வழி. 35 மைக்ரான் செம்பில் 1 மில்லிமீட்டர் அகல டிராக் ஒன்றின் 10 மில்லிமீட்டர் நீளம் சுமார் 5 மில்லி ஓம். அரை ஆம்பியர் ஓடினால் அங்கே 2.5 மில்லிவோல்ட் விழும், சாதாரண மீட்டரின் 200 மில்லிவோல்ட் ரேஞ்சே இதைக் காட்டும். கருப்பு முனையைச் சப்ளை கிரவுண்டில் நிறுத்தி, சிவப்பு முனையை லைன் நெடுக நகர்த்துங்கள். வோல்டேஜ் இறங்கிக்கொண்டே வரும். எந்த இடத்தைத் தாண்டி மேலும் இறங்காமல் அப்படியே நிற்கிறதோ, அந்த இடத்தில்தான் கரன்ட் லைனை விட்டுக் கிரவுண்டுக்குள் இறங்குகிறது. ஒவ்வொரு பாகமாகக் கழற்றிப் பார்ப்பதைவிட இது ஆயிரம் மடங்கு மேல், போர்டும் புண்படாது.

பேட்டரியில் ஓடும், தூங்கி விழிக்கும் சர்க்யூட்டுகளில் அதிகக் கரன்ட் என்பது வேறு அளவு: மைக்ரோ ஆம்பியர் எதிர்பார்த்த இடத்தில் மில்லி ஆம்பியர். அங்கே பெரும்பாலும் எதுவும் கெட்டிருக்காது. ஏஎம்எஸ்1117 தனியாகவே 5 மில்லி ஆம்பியர் எடுத்து, 1,000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியை எட்டு நாளில் காலி செய்யும். எச்டி7333 அல்லது எம்சிபி1700 ரெகுலேட்டர் போட்டால் அதே வேலை சில மைக்ரோ ஆம்பியரில் முடியும். பவர் எல்இடியை எடுத்துவிடுங்கள். பேட்டரி வோல்டேஜ் பார்க்க இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்களால் கட்டிய வோல்டேஜ் பிரிப்பான் 4.2 வோல்ட்டில் 210 மைக்ரோ ஆம்பியர் வடிக்கும். அதை 1 மெகா ஓம் ஆக்கி, நடுப்புள்ளியில் 100 நானோ ஃபாரட் சேருங்கள். பயன்படுத்தாத பின்களை அந்தரத்தில் விடாமல் புல்-அப் கொடுங்கள் அல்லது தாழ்நிலை அவுட்புட்டாக்குங்கள். சென்சாரின் சப்ளையை மாஸ்ஃபெட்டால் (சுவிட்சாகப் பயன்படும் டிரான்சிஸ்டர்) துண்டித்தால், துண்டிப்பதற்கு முன்பே அதன் டேட்டா லைன்களைத் தாழ்நிலைக்குக் கொண்டுவர வேண்டும். புல்-அப் ரெசிஸ்டர்களின் மேல் முனையும் அந்தத் துண்டிக்கப்படும் சப்ளையில்தான் இருக்க வேண்டும்.

உங்கள் சர்க்யூட்டுக்குத் திரும்பினால், வரிசை இப்படி இருக்கட்டும். எம்கியூவைக் கழற்றுங்கள், 150 அளவில் இறங்க வேண்டும். ரீசெட்டை அழுத்திப் பாருங்கள். இறங்கினால் பின்களுக்கு நடுவே ஈயப் பாலத்தையும் புரோகிராமில் பின் அறிவிப்புகளையும் தேடுங்கள். இறங்காவிட்டால் டிஎஸ்18பி20-யைத் தொட்டுப் பாருங்கள், அதன் பின் வரிசையைச் சரிபாருங்கள். அதுவும் குளிர்ந்திருந்தால் 3.3 லைனின் வோல்டேஜை அளந்து, ஏஎம்எஸ்1117-ஐச் சுற்றியுள்ள கெப்பாசிட்டர்களின் பட்டையைப் பாருங்கள். இந்த நான்கில் ஒன்றில் அந்த 90 மில்லி ஆம்பியர் அகப்படும் என்றே நினைக்கிறேன்.

அகப்பட்ட பிறகும் 7805 சுடும். இதை எதிர்பார்த்தே இருங்கள். 12-இல் இருந்து 5-க்கு இறக்கும்போது நடுவிலுள்ள 7 வோல்ட் முழுவதும் வெப்பமாகிறது. 310 மில்லி ஆம்பியரில் அது 2.2 வாட். ஹீட்சிங்க் இல்லாத 7805-க்கு ஒரு வாட்டுக்கு ஏறத்தாழ 65 டிகிரி உயரும் என்பதால் 140 டிகிரி ஏறி, தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது. போர்டு ரீசெட் ஆவது அதனால்தான். கோளாறு நீங்கி 220-க்கு வந்தாலும் 1.5 வாட், 100 டிகிரி உயர்வு. அறை வெப்பத்தையும் சேர்த்தால் எல்லையில் நிற்கிறது. 9 வோல்ட் அடாப்டருக்கு மாறினால் 0.9 வாட்டுக்கு இறங்கி, சிறிய ஹீட்சிங்கோடு நிம்மதியாக ஓடும். 12 வோல்ட்தான் வேண்டும் என்றால் 7805-ஐ எடுத்துவிட்டு பக் கன்வெர்ட்டர் (அதிகம் வெப்பமாக்காமல் வோல்டேஜை இறக்குவது) போடுங்கள். 88% திறன் என்று கொண்டால் அடாப்டர் பக்கம் 100 மில்லி ஆம்பியர் அளவில்தான் ஓடும். 5 வோல்ட் அவுட்புட்டில் 0.5 ஆம்பியர் ஹோல்ட் உள்ள (அதுவரை துண்டிக்காத) பாலிஃபியூஸ் என்ற தானாக மீளும் ஃபியூஸ் ஒன்றையும் சேர்த்துவிடுங்கள், அடுத்த முறை வயர் மாறிச் செருகப்பட்டாலும் சென்சார்கள் தப்பிக்க ஒரு வாய்ப்பு இருக்கும்.